நமஸ்காரம் இல்லாத கடிதம்

"என் பிள்ளை உசிரோட இருக்கானா இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போறும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள் பூக்கடையிலே நிப்பேன். அங்கே வந்து சொல்லிடுங்கோ."

பர்வதம் மாமி சுற்றி வளைக்கவில்லை. பதினோரு கடிதங்களை மேஜைமேல் வைத்தாள். நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடைத் தண்ணீர் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

துப்பறியும் வானமாமலைக்கு இந்த மாதிரி ஆசாமிகளைப் பிடிக்கும். மாட்டுங்காவில் அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் கல்யாணக் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். காப்பிப்பொடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவருக்கு ஆபீஸ், அதுவே வீடு. தபால் இலாகாவில் விலாசம் தப்பிய கடிதங்களைப் பிரித்து, எழுதியவனைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பகுதியில் பதினோரு வருஷம் இருந்தவர். ஊரார் கடிதம் எல்லாம் படித்தாயிற்று. அவருக்கென்று யாரும் எழுதியதில்லை. அதை நினைத்தால் மனசு கனக்கும் என்பதால் நினைக்காமல் இருப்பார்.

"பேர்?" என்று கேட்டார்.

"தாணுநாதன். இருபத்தஞ்சு வயசு. போன நவம்பர்லே கப்பலேறினான். ஐரோப்பா முழுக்க ஒண்டியாச் சுத்திப் பாக்கறேன்னான். முதுகிலே ஒரு பை, கையிலே யூத் ஹாஸ்டல் கார்டு. ராத்திரிக்கு ஒரு ஊர் ஹாஸ்டல்லே படுத்துண்டு, கார்த்தாலே அடுத்த ஊர். எங்காத்து மாமா சங்கத்திலே கூட்டம் போட்டு மாலை போட்டு அனுப்பி வெச்சார். லெட்டர் வந்தா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் படிப்பார். மே மாசக் கடைசியோட லெட்டர் நின்னுபோச்சு. இப்போ ஆகஸ்ட்."

ஜன்னலோரம் நின்ற பூலோகம் தொண்டையைக் கனைத்தான். வானமாமலையின் உதவியாளன், தாராவிக்காரன். பத்து வருஷம் டாக்சி ஓட்டியவன். வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் அவனுக்கு வராது.

"ஊரு பூரா மாலை போட்டா எப்படித் திரும்பி வருவான், மாமி? எனக்கெல்லாம் ஒரு பய டாட்டா காட்டலே. அதான் தினம் ஒழுங்கா வீட்டுக்குப் போறேன்."

"சும்மா இரு பூலோகம்" என்றார் வானமாமலை. கடிதங்களைச் சீட்டு மாதிரி விரித்து, முதல் வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றில் விரல் நின்றது.

"மாமி, மார்ச் மாசம் உங்க குடும்பத்திலே யாராவது தவறிட்டாங்களா?"

"மச்சினர். இவரோட தம்பி. ஒன்பதாம் தேதி."

"தாணுவுக்கு எழுதினீங்களா?"

"எங்கேன்னு எழுதறது? இன்னிக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், பதில் போட வேண்டாம், நானே எழுதறேன்னு சொல்லிட்டானே." மாமி எழுந்துவிட்டாள். "நாழியாச்சு. கோவிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சு மணிக்குப் பூக்கடை."

படி இறங்கும் சத்தம் ஓய்ந்தது. வானமாமலை விரல் நின்ற கடிதத்தைப் பூலோகத்தின் பக்கம் தள்ளினார்.

"பத்துக் கடிதம் எப்படித் தொடங்குது பாரு. 'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தாணு அநேக கோடி நமஸ்காரம்.' இது மட்டும்?"

"'அப்பா அம்மாவுக்கு, தாணு எழுதிக்கொண்டது.'" பூலோகம் எழுத்துக் கூட்டிப் படித்தான். "அவசரத்திலே விட்டிருப்பான், அண்ணாச்சி. கோடிக்கணக்கிலே குடுத்தவனுக்கு ஒரு தடவை ஸ்டாக் தீர்ந்திருக்கும்."

"தேதி என்ன?"

"மார்ச் பதினாலு."

"சித்தப்பா செத்தது ஒன்பது. பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு. தீட்டுள்ளவன் யாரையும் நமஸ்காரம் பண்ணக் கூடாது. அந்த வீடுகளிலே கடிதத்திலேகூட எழுத மாட்டாங்க. இவன் பேனா தானாவே அந்த வரியைத் தாண்டியிருக்கு. ஊரிலே யாருமே எழுதாத சாவு, அஞ்சே நாள்ளே இவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

பூலோகம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் பாரு. முதல் ரெண்டு கடிதம் மிலான் முத்திரை, எட்டு நாள்ளே வந்திருக்கு. அப்புறம் ஒன்பதும் மூணு வாரம் லேட். உள்ளே எழுதியிருக்கிறது மலை, பனி, ஜெர்மனி. வெளியே முத்திரை ஜெனோவா, நேப்பிள்ஸ், திரும்ப ஜெனோவா."

"எல்லாம் துறைமுகம்லா?"

"ஆமா. மே மாசத்தோட ஏன் நின்னுது? ஜூன் அஞ்சாம் தேதி இஸ்ரேல் சண்டை வந்து சூயஸ் கால்வாயை மூடிட்டாங்க. ஜெர்மனியிலேருந்து ஆகாயத் தபால்லே வர்ற கடிதத்துக்குக் கால்வாய் எதுக்கு?"

"அப்போ பய ஜெர்மனியிலே இல்லே. இங்கன உக்காந்து எழுதி, கப்பல்காரன் கையிலே குடுத்து, அங்கன போடச் சொல்லுதான்!" பூலோகம் தொடையில் தட்டினான். "தமிழ் பேசுத கப்பல்காரன் முக்காவாசிப் பேரு தாராவியிலே ஒரே இடத்திலதான் தங்குவான், அண்ணாச்சி. வாஹித் காக்கா கூடம். கெளம்புங்க."

வானமாமலை முதலிரண்டு கடிதங்களை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் டாக்சியில் அவற்றைப் படித்தார். அவை மட்டுமே நிஜம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஹாஸ்டலில் காலையில் ஆளுக்கொரு வேலை, தனக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை வந்தது, பத்து மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள், அதுவரை பனியில் நடந்துகொண்டே இருந்தேன் என்று எழுதியிருந்தான். யாரோடு நடந்தான் என்று எங்கும் இல்லை. யாரோடும் நடக்கவில்லை என்பதால்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாதர் கடற்கரைவரை ஒண்டியாக நடந்துவிட்டு வரும் வானமாமலைக்கு இதைத் துப்பறிந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

தாராவியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கூடம். நீளமான ஒரு தகரக் கொட்டகை. சுவரோரம் தகரப் பெட்டிகள், அவற்றின்மேல் சுருட்டிய பாய்கள். நடத்துகிறவர் அப்துல் வாஹித். போன ஜனவரி வரை கப்பலில் சமையல்காரர். காயல்பட்டணத்துக்காரர் ஆதலால் அந்தச் சந்துக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"வாங்க, உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

"வேண்டாம் காக்கா" என்றார் வானமாமலை. "தாணுநாதன் குடுத்த கடிதம் எத்தனை தங்கிப்போச்சு?"

வாஹித்தின் முகம் மாறவில்லை. கை மட்டும் ஒரு பெட்டியின் மூடிமேல் போய்ப் படிந்தது.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

"காக்கா, சும்மா காலிபீலி பொய் சொல்லாதீரும்" என்றான் பூலோகம். "வாய் தெரியாதுங்குது, கை பெட்டியைக் காட்டிக் குடுக்குது. ரெண்டும் மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்."

வாஹித் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வானமாமலையைப் பார்த்தார்.

"தம்பிகிட்ட சத்தியம் பண்ணிட்டேங்க. எங்கே இருக்கான்னு என் வாயாலே சொல்ல மாட்டேன். நீங்க யாரா இருந்தாலும் சரி."

"சொல்ல வேண்டாம்." வானமாமலை ஒரு பாயின்மேல் உட்கார்ந்தார். "பதினோரு வருஷம் நான் ஒரே வேலைதான் பார்த்தேன், காக்கா. போகவேண்டிய இடத்துக்குப் போக முடியாத கடிதத்தை எழுதினவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும். வெச்சிருக்கக் கூடாது. உங்க கப்பல்காரங்க எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போறாங்க. ஜெனோவா பக்கம் ஆளே இல்லை. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துதுன்னு அவன் நினைச்சிட்டு இருப்பான். இங்கே பெத்தவ பிள்ளை செத்துட்டான்னு நினைச்சிட்டு இருக்கா."

வாஹித் பெட்டியைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்தார். குல்லாவைச் சரிசெய்தார். குடையை எடுத்தார்.

"எனக்கு வெளியே ஒரு ஜோலி இருக்கு. பஸ்ஸிலே போறேன். பின்னாலே யாராவது வந்தா அது எனக்குத் தெரியாது."

"எங்களுக்கும் அந்தப் பக்கம்தான் ஜோலி" என்றான் பூலோகம். "எந்தப் பக்கம்னு பஸ்ஸு சொல்லும்."

பஸ் செம்பூர் என்று சொன்னது. அகதிகளுக்காகக் கட்டிய பாரக்குகளைத் தாண்டி, ரேஷன் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வாஹித் கதவு இடுக்கில் கடிதங்களைச் செருகினார், தட்டினார், இவர்களைப் பார்க்காமலே இவர்களைக் கடந்து கீழே இறங்கிப் போனார். சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

கதவைத் திறந்தவன் சட்டையில்லாமல், விலா எண்ணுகிற மாதிரி இருந்தான். மொட்டையடித்த தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஆணியில் தொங்கிய முதுகுப் பை, ஜன்னலில் நாலு மருந்து பாட்டில். கஞ்சி குடித்த தம்ளர் ஒன்று.

"தாணுநாதன்" என்றார் வானமாமலை.

ஓடப் பார்ப்பான், இல்லாவிட்டால் மறுப்பான் என்று பூலோகம் வாசலை மறித்து நின்றான். தாணு இரண்டும் செய்யவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றான்.

"என்னத்தை?"

"என் பேரை."

வானமாமலை இன்னொரு தரம் சொன்னார். அவன் அழுதுவிட்டான்.

கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான் பூலோகம். தாணு மெதுவாகச் சொன்னான்.

"ஒன்பதே நாள், சார். மிலான்லே அந்த ஹாஸ்டல்லே நாப்பது கட்டில். எல்லாரும் கூட்டம் கூட்டமா வந்தா. சிரிச்சா, பாடினா, கார்த்தாலே சேர்ந்து கிளம்பிப் போனா. யாரும் கெட்டவா இல்லே. பிரெட்டை நகர்த்துவா, ஜாமை நகர்த்துவா. என்கிட்ட பேச ஒண்ணுமில்லே, அவ்வளவுதான். எட்டாம் நாள் கண்ணாடி முன்னாலே நின்னு என் பேரை நானே சொல்லிப் பாத்தேன். வேற யாரோ மாதிரி இருந்தது. பயந்துட்டேன். மறுநாள் ஜெனோவாவுக்கு ரயிலேறி, ரிட்டர்ன் டிக்கெட்டை வெச்சுண்டு கிடைச்ச கப்பல்லே ஏறிட்டேன். அதுலேதான் வாஹித் பாய் சமையல். அவர்தான் சாப்பிட வெச்சார்."

"நேரா வீட்டுக்குப் போறதுதானே?"

"எப்படி சார்? பல்லார்ட் பியர்லே என்னைக் கப்பலேத்த முப்பது பேர் மாலையோட வந்தா. அப்பா ஒரு வருஷம்னு சொல்லியிருக்கார் எல்லார்கிட்டயும். ஒன்பது நாள்ளே ஓடி வந்துட்டான்னா அவர் வெளியிலே தலைகாட்ட முடியுமா? சரி, ஒரு வருஷம் எங்கேயாவது இருந்துட்டு, வந்துட்டேன்னு போய் நிக்கலாம்னு பாத்தேன். இங்கே பெயிண்ட் ஃபாக்டரியிலே டைம்கீப்பர் வேலை. தெரிஞ்சவா யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு வேற பேர் குடுத்திருக்கேன். அதான் என் பேரைக் கேட்டதும்..." அவன் நிறுத்தினான். "தனியா இருக்க முடியாம ஓடி வந்தேன். இங்கே எட்டு மாசம் தனியா இருக்கேன். நன்னா இருக்கு, இல்லே?"

வானமாமலை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். தான் எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை.

"சித்தப்பா போனது எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளுக்கு வருவேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப் ஓரமா நிப்பேன். அம்மா பூ வாங்க வருவா. முதுகுதான் தெரியும். அது போறும்னு பாத்துட்டு வந்துடுவேன். மார்ச்சிலே ஒரு வெள்ளி அம்மா வரலே. ஆத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன், வாசல்லே கூட்டம். பக்கத்துப் பால்காரர்கிட்ட முகத்தை மறைச்சுண்டு கேட்டேன். சித்தப்பான்னார். என்னைத் தோள்லே தூக்கிண்டு சுத்தினவர். இங்கே வந்து பொது குழாய்லே தலைக்கு ஊத்திண்டேன். அவ்வளவுதான் முடிஞ்சது." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஜூன் கடைசியிலே டைபாய்டு. ஆறு வாரமாப் படுக்கை. போன வாரம்தான் மாடி இறங்கினேன், கைப்பிடியைப் பிடிச்சுண்டு."

"உங்கம்மா என்கிட்ட ஒரு கேள்விதான் கேட்டாங்க. உசிரோட இருக்கானா, இல்லையான்னு."

தாணு வானமாமலையின் கையைப் பிடித்துக்கொண்டான். "இருக்கான்னு சொல்லுங்கோ. எங்கேன்னு சொல்லாதேங்கோ, சார். ஜெர்மனியிலேருந்து தந்தி வந்ததுன்னு சொல்லிடுங்கோ. அம்மாவுக்கு இது தெரிஞ்சா நான் அவ முகத்திலே முழிக்க முடியாது."

வானமாமலை யோசித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர் தொழில். கேட்காததற்கு இல்லை.

"சரி" என்றார்.

பூலோகத்தைக் கஞ்சிக்கும் மருந்துக்கும் துணையாக விட்டுவிட்டு அவர் மட்டும் கிளம்பினார்.

ஆடிக் கடைசி வெள்ளி. கிங்ஸ் சர்க்கிளில் மழை விட்டிருந்தது, கூட்டம் விடவில்லை. பூக்கடையில் பர்வதம் மாமி கதம்பத்தைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக நின்றாள். பக்கத்தில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வாசலில் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடிகளில் ரோடு முழுக்க இடவலம் மாறி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி" என்றார் வானமாமலை. "உசிரோட இருக்கார். அதுக்கு மேலே என்னைக் கேக்காதீங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

மாமி கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கண்ணைத் திறந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"செம்பூரா, முலுண்டா?"

துப்பறியும் வானமாமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காலம்பற நான் சாவைப் பத்திக் கேட்டப்போ, ஏன் கேக்கறேள்னு நீங்க கேக்கலை" என்றார் மெதுவாக. "அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"நமஸ்காரம் இல்லாம லெட்டர் வந்த அன்னிக்கே நேக்குத் தெரியும். முப்பது வருஷமா அந்தாத்துலே தீட்டுக் காக்கறவ நான். நேக்குத் தெரியாதா? அவர் கூடத்திலே உக்காந்து ஜெர்மனிப் பனியைப் பத்தி உரக்கப் படிச்சிண்டிருக்கார். நான் உள்ளே அடுப்படியிலே நின்னுண்டு, என் பிள்ளை இந்த ஊர்லேதான் இருக்கான்னு அழறேன்."

"அப்புறம் ஏன் தேடலை?"

"தேட வேண்டாம்னுதான். அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே நிக்கறப்போ இந்தக் கண்ணாடியிலே பாத்தேன். அந்தப் பக்கம், செம்பூர் முலுண்டு பஸ் நிக்கற ஸ்டாப்பிலே குச்சி மாதிரி நிக்கறான். திரும்பிப் பாத்தா ஓடிடுவான். என் கண்ணைப் பாக்க அவனாலே முடியாது, நேக்குத் தெரியும். அதனாலே திரும்பலே. ரெண்டு முழம் பூவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுவேன். அவன் நன்னாப் பாத்துக்கட்டும்னு. பூக்காரி என்னைப் பத்தி என்னவெல்லாம் நினைச்சாளோ." மாமியின் குரல் உடைந்தது. "லெட்டர் நின்னுது. அதுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமையும் நின்னுது. பொய் வந்துண்டிருந்த வரைக்கும் நேக்குப் பயமில்லே. பொய் நின்னப்புறம்தான் பயம் வந்தது."

வானமாமலையிடம் வாக்கு இருந்தது. ஆனால் எங்கே என்பதற்குத்தான் வாக்கு. ஏன் என்பதற்கு இல்லை. வாக்கிலிருந்த அந்தச் சந்து வழியாக அவர் நுழைந்தார்.

"டைபாய்டு. ஆறு வாரம். இப்போ தேவலை. கஞ்சி குடிக்கறார்."

"ஒண்டியாவா கிடந்தான்?"

"ஒண்டியாத்தான், மாமி."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூக்காரி தராசை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அவரை நினைச்சுத்தானே இந்தப் பிள்ளை பயப்படறது?" என்றாள் மாமி. "நான் சொல்லிக்கறேன் அவர்கிட்ட. மாலை போட்டவாளுக்கு நாலு நாள் பேச விஷயம் ஆச்சு. பேசிட்டுப் போகட்டும்."

அப்படியே பேச்சை நிறுத்தினாள். அவள் பார்வை கடைக் கண்ணாடியில் நின்றுவிட்டது. வானமாமலையும் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் ஓரத்தில், பூலோகம் நின்றிருந்தான். யாரும் சொல்லாத வேலையைச் செய்துவிட்ட முகம் அவனுக்கு. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பெரிய சட்டைக்குள் தொலைந்துபோய், தாணு நின்றிருந்தான்.

மாமி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"டைபாய்டுன்னேளே. அவனாலே இப்போ ஓட முடியுமோ?"

"நிக்கறதுக்கே ஒரு தோள் வேண்டியிருக்கு, மாமி."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பர்வதம் மாமி திரும்பினாள்.